பழைய செங்கல் வரிசை வீட்டைப் புதுப்பித்தல்: கட்டமைப்புப் பழுதுகளைச் சரிசெய்ய ஒரு முழுமையான வழிகாட்டி

பழைய வரிசை வீட்டை வாங்குகிறவர்கள் பெரும்பாலும் சமையலறையிலிருந்துதான் வேலையைத் தொடங்குகிறார்கள். புதிய அலமாரி, புதிய தரை, புதிய வண்ணம் எல்லாம் முடிந்து ஓராண்டு கழிந்தபின், பளபளக்கும் டைல்ஸின் குறுக்கே ஒரு விரிசல் ஓடும்போதுதான் அடியில் சுவர் இன்னும் இறங்கிக்கொண்டிருப்பது தெரிய வருகிறது. இந்த வழிகாட்டி அலங்கார வேலைகளின் பக்கமே போகவில்லை. செங்கல், சுண்ணாம்புச் சாந்து, மரக்கட்டை ஆகிய மூன்றால் கட்டப்பட்டு, இருபுறமும் அண்டை வீட்டோடு சுவரைப் பகிர்ந்து நிற்கும் வீட்டின் எலும்புக்கூட்டை எந்த வரிசையில் ஆராய்ந்து, எந்த வரிசையில் செப்பனிடுவது என்பதை மட்டுமே பேசுகிறது. அந்த வரிசையை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடலாம்: தண்ணீரை மேலிருந்து கீழாக நிறுத்திக்கொண்டு வர வேண்டும், பாரத்தைக் கீழிருந்து மேலாகத் தாங்கிக்கொண்டு போக வேண்டும்.

படி 1: வீடு எப்படி நிற்கிறது என்று படித்தறிதல்

பெரும்பாலான வரிசை வீடுகளில் மாடித் தளத்தைத் தாங்கும் குறுக்குக்கட்டைகள் ஒரு பொதுச்சுவரிலிருந்து மறு பொதுச்சுவருக்குப் பாய்கின்றன. கூரைக் கட்டைகளும் அப்படியே. ஆகவே வீட்டின் பாரம் முழுவதையும் அந்த இரண்டு பக்கச் சுவர்களே ஏந்துகின்றன. தெருவைப் பார்த்த முன்சுவரும் பின்சுவரும் தங்கள் சொந்த எடையை மட்டும் சுமந்துகொண்டு, தளங்களோடு உறுதியான பிணைப்பு ஏதுமின்றி, கிட்டத்தட்டத் தனித்து நிற்கின்றன. முன்சுவர் வெளிப்பக்கம் பிதுங்குவதற்கு முதல் காரணம் இதுதான். சில வீடுகளில் கட்டைகள் முன்னிருந்து பின்னாகப் போடப்பட்டிருக்கும். அங்கே கணக்கு தலைகீழாகிவிடும்.

உங்கள் வீடு எந்த வகை என்று அறிய எதையும் உடைக்க வேண்டியதில்லை. மாடியின் பலகைத் தரையைக் குனிந்து பாருங்கள். பலகைகள் கட்டைகளுக்குச் செங்குத்தாகவே அடிக்கப்பட்டிருக்கும். ஆணித் தலைகள் ஒரே கோட்டில் வரிசையாகத் தெரியும் இடத்தில் அடியில் ஒரு கட்டை இருக்கிறது. அந்த ஆணி வரிசைகளுக்கு இடையிலான தூரத்தை அளந்து, ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு வரைபடம் போட்டுக்கொள்ளுங்கள். மாடிப்படித் துளையைச் சுற்றிலும், பழைய கணப்படுப்பின் (குளிர்காயச் சுவரில் அமைத்த அடுப்பு) முன்னாலும், கட்டைகள் வெட்டப்பட்டு இன்னொரு கட்டையின் மேல் தொங்கவிடப்பட்டிருக்கும். வீட்டில் முதலில் தொய்வது அந்த மூலைகள்தான்.

சுவரின் தடிமனையும் சன்னல் ஓரத்தில் அளந்துகொள்ளுங்கள். ஒரு கல் கனம் என்றால் ஏறத்தாழ 23 செ.மீ., ஒன்றரைக் கல் கனம் என்றால் ஏறத்தாழ 34 செ.மீ. வரும். முகப்பில் மெல்லிய இணைப்புகளுடன் அழகாக அடுக்கிய நல்ல செங்கல் இருக்க, உள்ளடுக்கில் சூளையில் சரியாக வேகாத மென்மையான கல்லைப் பயன்படுத்துவது பழைய வழக்கம். உட்பூச்சைச் செதுக்கி எடுத்துவிட்டுச் செங்கல்லை வெளியே காட்டும் நாகரிகம் எனக்கு உடன்பாடில்லாததற்கு இதுவே காரணம்: அந்தக் கல் காட்சிக்கு வைக்கப்பட்டதே அல்ல, கைபட்டாலே மாவாக உதிரும். பூச்சுப் போனபின் பொதுச்சுவரின் திறந்த இணைப்புகள் வழியே அண்டை வீட்டுப் புகையும் சத்தமும் வந்து சேரும்.

படி 2: விரிசல்களை அளந்து பதிவு செய்தல்

விரிசலைப் பார்த்தவுடன் அடைக்கத் தோன்றும். அடைக்காதீர்கள், அது வீடு எழுதி வைத்திருக்கும் குறிப்பு. செங்கல் இணைப்புகளைப் பின்பற்றிப் படிக்கட்டுபோல் சாய்வாக ஏறும் விரிசல், அஸ்திவாரத்தின் ஒரு பகுதி மற்றொன்றைவிட அதிகமாக இறங்கியிருப்பதைக் காட்டுகிறது. அது மேலே அகன்றும் கீழே குறுகியும் இருந்தால் சுவரின் ஓரம் இறங்கியிருக்கும். கீழே அகன்றிருந்தால் நடுப்பகுதி தொய்ந்திருக்கும். முன்சுவரும் பொதுச்சுவரும் சேரும் மூலையில் நெட்டுக்குத்தாக ஓடி, மேலே போகப்போக அகலும் விரிசல், முன்சுவர் வெளியே சாய்வதன் அடையாளம். சன்னலுக்கு மேலே இரு மூலைகளிலிருந்தும் கூம்பாக எழும் விரிசல் என்றால் குற்றவாளி, திறப்புக்கு மேலுள்ள சுவரைத் தாங்கும் குறுக்குத்தாங்கியான லிண்டல்.

அகலமும் பேசும். 1 மி.மீ.க்குக் குறைவானது பொதுவாகப் பூச்சு வேலையோடு முடிந்துவிடும். 5 மி.மீ. வரை சாந்து வேலை போதும். 5 முதல் 15 மி.மீ. என்றால் கதவு சன்னல்கள் பிடிக்கத் தொடங்கியிருக்கும், பொறியாளர் பார்த்தே ஆக வேண்டும். 15 மி.மீ.க்கு மேல் சுவரின் சில பகுதிகளைப் பிரித்துக் கட்ட நேரிடலாம், 25 மி.மீ.ஐத் தாண்டினால் அந்தச் சுவரின் அருகே யாரும் உறங்கக்கூடாது.

இருந்தாலும் அகலத்தைவிட முக்கியமானது, விரிசல் இன்னும் வளர்கிறதா என்ற கேள்வி. நூறாண்டுக்கு முன் இறங்கி நின்றுவிட்ட சுவரில் கட்டைவிரல் நுழையும் விரிசல் இருக்கலாம். அது பழைய தழும்பு. நேற்று தொடங்கிய 2 மி.மீ. விரிசல் அதைவிட ஆபத்தானது. விரிசலின் இருபுறமும் ஒவ்வொரு திருகாணியைச் சுவரில் பதித்து, அவற்றின் தலைகளுக்கு இடையிலான தூரத்தை வெர்னியர் அளவியால் மாதம் ஒருமுறை அளந்து, தேதியோடு எழுதி வையுங்கள். விரிசலின் இரு நுனிகளிலும் பென்சிலால் கோடிட்டுத் தேதி போட்டால் அது நீள்வதும் தெரியும். களிமண் நிலத்தில் மண் கோடையில் சுருங்கி மழையில் உப்புவதால், விரிசல் பருவத்தோடு மூடித் திறக்கும். ஓராண்டு அளக்காமல் அஸ்திவாரத்தைத் தொட முடிவெடுப்பது வீண் செலவில் முடியலாம். விரிசலின் விளிம்பையும் கவனியுங்கள்: உள்ளே தூசியும் சிலந்திவலையும் பழைய வண்ணமும் படிந்திருந்தால் பழையது, உடைந்த செங்கல்லின் நிறம் பளிச்சென்று தெரிந்தால் புதியது.

பிதுக்கத்தை அளக்க, மேல்மாடிச் சன்னலிலிருந்து தூக்குக்குண்டை இறக்கி, கயிற்றுக்கும் சுவருக்கும் உள்ள இடைவெளியை 30 செ.மீ.க்கு ஒருமுறை குறித்துக்கொள்ளுங்கள். பாரத்தின் கோடு சுவர்த் தடிமனின் நடு மூன்றிலொரு பங்குக்குள் விழும்வரை சுவர் முழுவதும் அழுத்தத்தில் இருக்கும். அதைத் தாண்டினால் ஒரு முகத்தில் இழுவிசை தோன்றும், சுண்ணாம்புச் சாந்துக்கு இழுவிசை தாங்கும் வலு மிகக் குறைவு. 23 செ.மீ. சுவரில் மையத்திலிருந்து அந்த எல்லை 4 செ.மீ.கூட இல்லை. பிறகு சுத்தியலின் மரக் கைப்பிடியால் சுவரைத் தட்டிக்கொண்டே போங்கள். திண்ணென்று ஒலிக்கும் சுவர் நடுவில் திடீரென்று பெட்டியைத் தட்டியதுபோல் ஒலித்தால், அங்கே முகப்பு அடுக்கு உள்ளடுக்கை விட்டுப் பிரிந்திருக்கிறது.

படி 3: பொறியாளர், அனுமதி, அண்டை வீட்டார்

பாரம் தாங்கும் எந்த உறுப்பையும் தொடுவதற்கு முன் கட்டமைப்புப் பொறியாளரின் வரைபடமும், உங்கள் ஊரின் கட்டட அனுமதியும் கையில் இருக்க வேண்டும். ஒப்பந்தக்காரரிடம் விற்க ஏதோ ஒன்று இருக்கும். விற்க எதுவும் இல்லாதவரிடம் நோய்க்குறிப்பைக் கேட்பது நல்லது.

வரிசை வீட்டுக்கே உரிய கடமை ஒன்றும் உண்டு. பொதுச்சுவரின் பாதி அடுத்த வீட்டாருடையது. வேலை தொடங்குமுன் அவர்களின் அறைகளையும் நிழற்படம் எடுத்து, அங்குள்ள விரிசல்களை இருவரும் கையெழுத்திட்ட பட்டியலாக வைத்துக்கொண்டால், பின்னால் எது பழையது எது புதியது என்ற சண்டைக்கு இடமிருக்காது. உங்கள் கட்டைகள் உட்காரும் அதே குழியின் மறுபுறத்தில் அவர்கள் வீட்டுக் கட்டையின் முனை இருக்கலாம் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்; பெரிய துளைக்கருவியைப் பிடிப்பவர் இதை அறிந்திருக்க வேண்டும்.

படி 4: தண்ணீரை நிறுத்துதல்

கூரையில் தொடங்கிக் கீழே இறங்குங்கள். கூரையும் கைப்பிடிச் சுவரும் சேரும் இடத்திலுள்ள உலோகத் தகடு, கைப்பிடிச் சுவரின் தலைக்கல், மழைநீர்த் தாரை, இறங்கு குழாயின் இணைப்புகள், சன்னல் திட்டு, தரைமட்டச் சாய்வு, கடைசியாக மண்ணுக்கடியிலுள்ள கழிவுநீர்க் குழாய் என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். மழை பெய்யும்போது குடை பிடித்துக்கொண்டு வெளியே நிற்கும் அரைமணி நேரத்துக்கு ஈடான ஆய்வு வேறில்லை. இறங்கு குழாய் சுவரை ஒட்டி உடைந்திருந்தால் அதன் பின்னாலுள்ள செங்கற்கள் பச்சை படர்ந்து, இணைப்புகள் அரித்துப் போயிருக்கும்; அதே உயரத்தில் உட்புறம் போய்ப் பார்த்தால் குறுக்குக்கட்டையின் முனை மக்கிக் கிடக்கும்.

கழிவுநீர்க் குழாயைத் தனியாகச் சொல்ல வேண்டும். வீட்டின் மூலை இறங்குவதற்கு, கசியும் குழாய் அஸ்திவாரத்தின் அடியிலுள்ள நுண்மண்ணைக் கரைத்துக்கொண்டு போவது அடிக்கடி காணும் காரணம். குழாயின் கீழ்முனையை அடைத்து, நீர் நிரப்பி, மட்டம் இறங்குகிறதா என்று பாருங்கள், அல்லது கேமரா விட்டுப் பாருங்கள். குழாயை மாற்றியதோடு வீட்டின் அசைவே நின்றுபோன வீடுகள் உண்டு. அங்கே அஸ்திவார வேலையே தேவைப்படாது. ஈரம் காய்வதற்குக் கால அவகாசம் கொடுங்கள். கனமான செங்கல் சுவர் காய மாதக்கணக்கில் ஆகும்.

படி 5: முட்டுக் கொடுத்தல்

எந்தச் சுவரைத் திறப்பதற்கு முன்பும் அதன் மேலுள்ள பாரத்துக்கு மாற்று வழி அமைக்க வேண்டும். இரும்பு ஜாக்கிகளை அறையின் தரைப்பலகை மேல் நிறுத்திவிட்டு வேலையை ஆரம்பிப்பது, பாரத்தை அந்தத் தளத்தின் நடுவில் இறக்கி வைப்பதாகும். முட்டுக்கு அடியில் அகலமான மரப் படுகை, அதற்கு நேர் கீழே அடுத்த தளத்தில் இன்னொரு முட்டு என்று, பாரம் மண்ணைத் தொடும்வரை ஒரே நேர்க்கோட்டில் இறங்க வேண்டும். செங்கல் சுவரையே தாங்க வேண்டுமானால், சுவரில் துளையிட்டுக் குறுக்காகச் செருகும் வலுவான கட்டை அல்லது இரும்பு உத்திரத்தின் இரு முனைகளிலும் முட்டு கொடுக்க வேண்டும். அவற்றின் இடைவெளி வழக்கமாக 90 செ.மீ.ஐ ஒட்டி இருக்கும். ஜாக்கியைக் கையால் இறுகும் அளவுக்கு மட்டுமே திருகுங்கள். தளத்தைத் தூக்கிவிடும் அளவுக்கு முறுக்கினால், இல்லாத விரிசல்கள் மேல்மாடியில் பிறக்கும்.

படி 6: அஸ்திவாரம்

பழைய வீடுகளின் அஸ்திவாரம் ஆழம் குறைந்தது. படிப்படியாக அகலும் சில செங்கல் வரிகளோ, கருங்கல் அடுக்கோதான் இருக்கும். ஆழம் குறைவு என்பது மட்டும் குறையாகிவிடாது. அசைவு நிற்கவில்லை என்று அளவீடுகள் காட்டினால் மட்டுமே, பழைய அஸ்திவாரத்தின் அடியில் புதிய கான்கிரீட் இட்டு ஆழப்படுத்தும் அண்டர்பின்னிங் எனப்படும் வேலைக்குப் போக வேண்டும்.

இதில் சுவரின் அடியை ஏறத்தாழ 1 மீட்டர் நீளமுள்ள பகுதிகளாகப் பிரித்து எண்ணிட்டுக்கொண்டு, ஒன்றுக்கொன்று தள்ளியிருக்கும் பகுதிகளை மட்டும் ஒரு சுற்றில் தோண்டுவார்கள். முதல், நான்காம் பகுதி முதல் சுற்றில் என்றால், இரண்டும் ஐந்தும் அடுத்த சுற்றில், மூன்றும் ஆறும் அதற்கடுத்த சுற்றில். தோண்டிய இடத்தில் கான்கிரீட் இட்டு, பழைய அஸ்திவாரத்தின் அடிக்கும் கான்கிரீட்டின் தலைக்கும் இடையே 5 முதல் 7.5 செ.மீ. வரை இடைவெளி விட்டு, கான்கிரீட் இறுகிச் சுருங்கியபின் அந்த இடைவெளியில் ஈரம் குறைந்த, கையில் பிடித்தால் உருண்டையாக நிற்கும் சிமெண்டுக் கலவையைத் திணித்து அடிக்க வேண்டும். இந்தக் கடைசி வேலையை அவசரத்தில் விட்டுவிடுகிறவர்கள் உண்டு; அப்படி விட்டால் சுவர் அந்த இடைவெளி மூடும்வரை இறங்கித்தான் நிற்கும். பக்கத்துப் பகுதி இறுகாமல் அடுத்ததைத் தோண்டவே கூடாது.

நிலவறையின் உயரத்தைக் கூட்டுவதற்காகத் தரையைத் தோண்டுவோர் பொதுச்சுவரின் அடியை மறந்துவிடுகிறார்கள். அஸ்திவாரத்தின் அடிமட்டத்துக்குக் கீழே போகாத வரை பிரச்சினை குறைவு. போக வேண்டியிருந்தால், சுவரை ஒட்டி மண்ணை அப்படியே திட்டாக விட்டு, அதன் முகத்தில் கான்கிரீட் சுவர் எழுப்பும் முறை, அண்டர்பின்னிங்கைவிட ஆபத்துக் குறைந்தது. அறையின் அகலத்தில் கொஞ்சம் இழக்க வேண்டியிருக்கும்.

படி 7: செங்கல் சுவரும் சாந்தும்

போர்ட்லாண்டு சிமெண்டுக்கு ஜோசப் ஆஸ்ப்டின் காப்புரிமை பெற்றது 1824இல். சாதாரண வீட்டுச் சுவரின் கலவைக்குள் அது பரவலாக நுழைய அதன்பின் பல பத்தாண்டுகள் ஆயின. அதற்கு முந்தைய வழக்கத்தில் கட்டிய சுவர்களில் இருப்பது சுண்ணாம்புச் சாந்து. அது செங்கல்லைவிட மென்மையானது, ஈரத்தை உள்வாங்கி வெளியே விடக்கூடியது, சுவர் சற்று அசைந்தால் தானும் சற்றுக் கொடுக்கும். அந்த இணைப்புகளைச் சிமெண்டால் அடைத்தால் ஈரம் வெளியேறும் வழி அடைபட்டு, செங்கல்லின் முகம் வழியாகவே வெளியேறப் பார்க்கும். உப்பும், குளிர் நாடுகளில் உறைபனியும் சேர்ந்து கல்லின் முகத்தைப் பொரியச் செய்யும். கல் கரைந்து குழியாகவும், சிமெண்டு இணைப்பு மட்டும் வரப்புபோல் துருத்திக்கொண்டும் நிற்கும் சுவரை ஒருமுறை பார்த்தவருக்கு மேலும் விளக்கம் தேவைப்படாது.

இணைப்புகளில் புதுச்சாந்து நிரப்பும் பாயிண்டிங் வேலையைச் செய்யும்போது பழைய சாந்தை, இணைப்பின் அகலத்தைப்போல் இரண்டிலிருந்து இரண்டரை மடங்கு ஆழத்துக்கு, 20 மி.மீ.க்குக் குறையாமல் நீக்குங்கள். மெல்லிய இணைப்புகளில் கிரைண்டரை அனுமதிக்காதீர்கள். அது கல்லின் விளிம்பை வெட்டிவிடும், அந்தக் காயம் ஆறாது. உளியும் சுத்தியலும் மெதுவானவை என்றாலும் பழுது செய்யாதவை. தூசியைத் துலக்கி, இணைப்பை நனைத்து, நீர் தேங்காமல் ஈரம் மட்டும் நிற்கும்போது, ஒரு பங்கு சுண்ணாம்புக்கு இரண்டரை முதல் மூன்று பங்கு மணல் சேர்த்த கலவையை அடுக்கடுக்காக அழுத்தி நிரப்புங்கள். மணலின் நிறமும் பருமனும்தான் இணைப்பின் தோற்றத்தைத் தீர்மானிக்கின்றன; பழைய சாந்துத் துண்டைப் பொடித்துப் பார்த்து அதற்கு ஒத்த மணலைத் தேர்ந்தெடுங்கள். நனைத்த சாக்கால் மூடிச் சில நாள் ஈரம் காக்க வேண்டும். 5 டிகிரி செல்சியசுக்குக் கீழே போகும் காலத்தில் இந்த வேலையைத் தொடங்க வேண்டாம்.

அசைவு நின்றுவிட்ட விரிசல்களைத் தைக்கலாம். விரிசலின் இருபுறமும் சுமார் 50 செ.மீ. நீளத்துக்குப் படுக்கை இணைப்பில் 30 முதல் 40 மி.மீ. ஆழத்துக்குச் சாந்தை வெட்டியெடுத்து, முறுக்கிய ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பியைக் கிரவுட் என்னும் இளகிய நிரப்புக் கலவையில் பதித்து, முகத்தைச் சுண்ணாம்புச் சாந்தால் மூடுவார்கள். நான்கு முதல் ஆறு வரிகளுக்கு ஒரு கம்பி என்பது வழக்கமான இடைவெளி. முகப்பு அடுக்கு பிரிந்திருந்தால், இதே வகைக் கம்பியைச் சுவரின் குறுக்காக உள்ளடுக்கு வரை செலுத்தி இரண்டையும் பிணைக்கலாம்.

பிதுங்கிய முன்சுவருக்கு இழுகம்பி வேண்டும். வெளியே இரும்புத் தகடு, அதிலிருந்து சுவரைத் துளைத்து உள்ளே போகும் கம்பி என்பது இதன் அமைப்பு. கட்டைகள் முன்சுவருக்கு இணையாக ஓடும் வீட்டில் இந்தக் கம்பியை முதல் கட்டையோடு நிறுத்தினால் பயனில்லை; குறைந்தது மூன்று கட்டைகளைக் கடந்து, அவற்றின் இடையில் இறுக்கமான மரத் தடுப்புகள் வைத்துத் தளத்தோடு பிணைக்க வேண்டும். பிறகு மரையை இறுக்கி இறுக்கிச் சுவரை நேராக்கிவிடலாம் என்ற ஆசை வரும். விட்டுவிடுங்கள். பிதுங்கிய சுவரின் உள்ளே உதிர்ந்த சாந்துப் பொடி நிரம்பியிருக்கும், அதற்குப் பழைய இடம் இனிக் கிடையாது. இருக்கும் நிலையில் பிடித்து நிறுத்துவதே வேலை. பிடித்து நிறுத்த முடியாத அளவுக்குப் பிதுங்கியிருந்தால் அந்தப் பகுதியைப் பிரித்து, அதே கற்களைக் கொண்டு திரும்பக் கட்ட வேண்டும்.

படி 8: லிண்டல்கள்

சன்னலின் வெளிமுகத்தில் செங்கல் வளைவு தெரிந்தாலும், அதன் பின்னால் உள்ளடுக்கைத் தாங்குவது பெரும்பாலும் ஒரு மரக்கட்டையாகத்தான் இருக்கும். அது மக்கியபின் வளைவு மட்டும் பாரத்தைச் சுமந்து தட்டையாகிறது. இரும்பு லிண்டல் என்றால் வேறு நோய்: துரு, தான் பிறந்த இரும்பைப்போல் பல மடங்கு இடம் கேட்கும். அது மேலுள்ள செங்கல் வரிகளைத் தூக்கி, லிண்டலின் முனைகளில் கிடைமட்ட விரிசலை உண்டாக்கும். அந்த விரிசலை எத்தனை முறை அடைத்தாலும் திரும்ப வரும்.

மாற்றும்போது மேலுள்ள சுவரைப் படி 5இல் சொன்னபடி குறுக்காக ஒரு கட்டை செருகித் தாங்கி, ஒரு நேரத்தில் ஒரு சன்னலை மட்டும் திறந்து, துத்தநாகப் பூச்சுள்ள எஃகு அல்லது கான்கிரீட் லிண்டலை இருபுறமும் 15 செ.மீ.க்குக் குறையாமல் சுவரில் உட்காரும்படி வைக்க வேண்டும். லிண்டலின் தலைக்கும் பழைய செங்கல்லுக்கும் நடுவே ஓட்டுச் சில்லுகளையும் இறுக்கமான கலவையையும் திணிக்காமல் முட்டுகளை எடுக்கக்கூடாது.

படி 9: குறுக்குக்கட்டைகள்

கட்டையின் நடுப்பகுதி நூறாண்டு கடந்தும் இரும்புபோல் இருக்கும், முனையில்தான் நோய். அது செங்கல் குழிக்குள் காற்றோட்டமின்றிச் செருகப்பட்டிருப்பதால் சுவரின் ஈரம் நேரே அதில் ஏறுகிறது. மரத்தின் ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் நீடித்தால் பூஞ்சைக்கு வாய்ப்பு. ஒரு வீட்டில் புதிதாக வண்ணம் அடித்து அழகாக இருந்த கட்டையின் முனையில் ஸ்குரூ டிரைவரை வைத்து லேசாக அழுத்தினேன். கைப்பிடிவரை போயிற்று, வெளியே இழுத்தபோது முனையில் காப்பிப் பொடி நிறத்தில் ஈரமான தூள். அந்தக் கட்டையை அதுவரை நிறுத்தியிருந்தது அதன் மேலிருந்த தரைப்பலகைதான். எல்லா முனைகளையும் இப்படிக் குத்திப் பாருங்கள், ஒன்றையும் விட வேண்டாம்.

முனை மட்டும் மக்கியிருந்தால் மக்கிய பகுதியைத் தாண்டி, நல்ல மரத்திலும் 30 செ.மீ. வரை வெட்டியெடுத்து, புதிய துண்டை இருபுறமும் பக்கப்பலகையோ எஃகுத் தகடோ வைத்துப் போல்ட்டால் பிணைக்கலாம். கட்டை நீளமாகப் பிளந்தோ தொய்ந்தோ இருந்தால், அதே ஆழமுள்ள துணைக்கட்டையைச் சுவரிலிருந்து சுவர்வரை முழு நீளத்துக்கும் பக்கத்தில் வைத்துச் சேர்ப்பதே சரி; நடுவில் மட்டும் ஒட்டிய துணைக்கட்டை பாரத்தைச் சுவருக்குக் கொண்டுசேர்க்காது. புதிய முனை சுவரில் 10 செ.மீ. அளவு உட்கார வேண்டும். அதன் அடியில் ஈரத்தடுப்புத் தாளும், பக்கங்களிலும் தலையிலும் காற்றுப்போக இடைவெளியும் விடுங்கள். பழைய கட்டைகளின் முனை மேலிருந்து சாய்வாகச் சீவப்பட்டிருப்பதைக் காண்பீர்கள். தீயில் கட்டை நடுவில் எரிந்து விழும்போது, சுவரை நெம்பிச் சாய்க்காமல் குழியிலிருந்து நழுவி விழுவதற்காகச் செய்த ஏற்பாடு அது. புதியதையும் அப்படியே சீவுங்கள்.

தொய்ந்த தளத்தைத் தூக்குவது பொறுமை கேட்கும் வேலை. ஒரு நாளைக்கு 3 மி.மீ.க்கு மேல் ஜாக்கியை ஏற்றாதீர்கள், முழு மட்டத்துக்குக் கொண்டுவரவும் பிடிவாதம் வேண்டாம். கதவுச் சட்டங்கள், படிக்கட்டு, பூச்சு எல்லாம் அந்தச் சரிவுக்கே பழகிவிட்டவை.

குழாய்க்காரரும் மின்பணியாளரும் வரும்முன் கட்டையில் வெட்டக்கூடிய அளவைச் சுவரில் எழுதி ஒட்டிவிடுங்கள். பொதுவாக ஏற்கப்படும் விதி இது: துளையின் விட்டம் கட்டை ஆழத்தில் மூன்றிலொரு பங்குக்கு மேல் போகக்கூடாது, விளிம்பிலிருந்து 5 செ.மீ.யாவது தள்ளியிருக்க வேண்டும். வெட்டுப்பள்ளம் ஆழத்தில் ஆறிலொரு பங்குக்கு மிகாமல், நடு மூன்றிலொரு நீளத்தைத் தவிர்த்து இருக்க வேண்டும். குளியலறைக் கழிவுக் குழாய்க்காகப் பாதிக்கு மேல் வெட்டப்பட்ட கட்டைகளை நான் கண்ட அளவுக்கு வேறெந்தக் கேட்டையும் பழைய வீடுகளில் கண்டதில்லை.

இன்னொன்று. வெளிச்சுவரின் உட்புறம் தடிமனான வெப்பத்தடுப்பு ஒட்டினால் சுவர் முன்பைவிடக் குளிர்ந்து, காய்வது தாமதமாகும்; அதில் செருகிய மரமுனைகளின் ஈரம் கூடும். ஈரத்தைக் கடத்தும் பொருளைத் தேர்ந்து, மெல்லிய அளவில் நிறுத்துவது நல்லது.

படி 10: உட்சுவரை எடுத்து உத்திரம் வைத்தல்

திறந்த கூடம் வேண்டும் என்று நடுச்சுவரை எடுக்கிறவர்கள் எவ்வளவு பாரத்தை இடம் மாற்றுகிறார்கள் என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்பதில்லை. 5 மீட்டர் அகல வீட்டின் நடுவில், பொதுச்சுவர்களுக்கு இணையாக, அரைக்கல் கனத்தில் ஒரு சுவர் இருப்பதாகக் கொள்ளுங்கள். அதில் 4 மீட்டரைத் திறந்தால், ஒவ்வொரு தளத்திலும் இருபுறமும் பாதிப் பாதியாக 2.5 மீட்டர் அகலம், அதாவது 10 சதுர மீட்டர் உத்திரத்தின் மேல் வரும். தளத்தின் எடையும் மனிதர், பொருள் எடையும் சேர்த்துச் சதுர மீட்டருக்கு 250 கிலோ என்று வைத்தால் 2.5 டன். இரண்டு தளங்களுக்கு 5 டன். இடையில் நிற்கும் 3 மீட்டர் உயரச் சுவர் ஏறத்தாழ 2.6 டன். கூரையைச் சேர்க்காமலே 7.6 டன், முனைக்கு 3.8 டன்.

அந்த முனையைப் பழைய செங்கல்லின் மேல் 15 செ.மீ. நீளத்துக்கு, 23 செ.மீ. சுவரின் முழு அகலத்துக்குமே உட்கார வைத்தாலும், சதுர செ.மீ.க்கு 11 கிலோ அழுத்தம். சுண்ணாம்புச் சாந்துச் சுவரில் சில கிலோவுக்கு மேல் பொறியாளர்கள் ஒப்புவதில்லை. அதனால்தான் உத்திரத்தின் முனைக்கடியில் பாரத்தைப் பரப்பும் கான்கிரீட் கட்டியான பெட் பிளாக் தேவைப்படுகிறது, 60 செ.மீ. நீளமுள்ள பெட் பிளாக் அதே பாரத்தைச் சதுர செ.மீ.க்கு 3 கிலோவுக்குள் பரப்பிவிடும். சுவர் அதற்கும் தாங்காது என்றால் தரைவரை எஃகுத் தூண், அதற்கு அடியில் புதிய கான்கிரீட் அடித்தளம். தரைப்பலகை மேல் நிற்கும் தூண் எதையும் தாங்குவதில்லை. எடுத்த சுவர் குறுக்கே நின்று பொதுச்சுவர்களைப் பிடித்திருந்ததா என்பதையும் பொறியாளரிடம் கேளுங்கள். அப்படியானால் உத்திரத்தோடு பக்க உறுதிக்கும் சட்டம் தேவைப்படலாம்.

படி 11: புகைபோக்கியும் கைப்பிடிச் சுவரும்

இங்கே சொல்ல வேண்டியது கொஞ்சமே. கீழ் அறையில் இடம் வேண்டிக் கணப்படுப்பைச் சுற்றி அறைக்குள் துருத்தி நின்று புகைபோக்கியைத் தாங்கும் மார்புச் சுவரை எவராவது எடுத்துவிட்டு, மேலே பல டன் செங்கல்லைத் தொங்கவிட்டிருக்கிறாரா என்று பரணில் ஏறிப் பாருங்கள். எதிலும் தாங்காமல் நின்றால் உடனே முட்டு. பிறகு மேலிருந்து பிரித்துக்கொண்டு வர வேண்டும். இரு முகமும் மழையில் நனைகிற கைப்பிடிச் சுவரில் சாந்து முதலில் கரையும். சாய்ந்திருந்தால் கூரைமட்டம்வரை பிரித்துக் கட்டி, நீர் சொட்டும் விளிம்புள்ள தலைக்கல்லும் அதன் அடியில் ஈரத்தடுப்பும் வைக்க வேண்டும்.

படி 12: மூடுவதற்கு முன்

திறந்த சுவர்களையும் தளங்களையும் மூடுமுன் ஒவ்வொரு துணைக்கட்டை, இழுகம்பி, பெட் பிளாக், குழாய்த் தடம் அருகிலும் அளவுகோல் வைத்துப் படமெடுத்துக்கொள்ளுங்கள். முட்டுகளை ஒரே நாளில் எடுக்காமல், ஒவ்வொன்றாகத் தளர்த்தி, ஓரிரு நாள் விட்டு, மட்டத்தைச் சரிபார்த்து எடுங்கள். பழைய வண்ணத்தில் ஈயமும், பழைய உறைகளில் ஆஸ்பெஸ்டாஸும் இருக்கலாம் என்பதால் அவற்றைச் சோதிக்காமல் உரசக்கூடாது. செங்கல் தூசிக்கும் தரமான முகமூடி கட்டாயம்.

உட்பூச்சும் சுண்ணாம்பிலேயே இருக்கட்டும். படி 2இல் பதித்த திருகாணிகளை மட்டும் பூச்சுக்குள் புதைக்காமல், சிறு மூடியிட்டு வெளியே விட்டுவையுங்கள். அவற்றின் இடைவெளியை ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் கடக்கும்வரை அளந்துகொண்டிருங்கள், அதுவரை அந்த அறைக்கு இறுதி வண்ணம் பூச வேண்டாம்.